கண்டனத் தீர்மானத்தில் உங்கள் கையெழுத்து

அக்கா,

இன்று வங்கியில் எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்காக மைப்பெட்டியைத் திறந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் ஒன்றியக் கவுன்சிலராகி முதல் கூட்டத்துக்கு வந்த அன்று, காலில் நாற்று நட்ட சேறு காய்ந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் மைப்பெட்டியை உங்கள் பக்கம் தள்ளினேன். "நான் கைநாட்டுன்னு யாரு சொன்னா சார்? பேனாவ குடு" என்று வாங்கி, எழுத்து எழுத்தாகப் பெயரை எழுதினீர்கள். ஒரு வரி போதவில்லை. உறுப்பினர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அலுவலகத்தில் உங்களை அக்கா என்று கூப்பிட்டவன் நான் ஒருவன்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

நம் கூட்டங்கள் நடந்த லட்சணம் உங்களுக்குத் தெரியும். தீர்மானப் புத்தகத்தில் மேலே பக்கம் காலியாக இருக்கும். கீழே கையெழுத்தைப் போட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். எழுத்தரான நான் பிறகு ஆற அமர மேலே தீர்மானங்களை எழுதுவேன். அடுத்த கூட்டத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுவது என் சாமர்த்தியம்.

கடைசியாக வந்த அன்று என் மேசையருகே நின்றீர்கள். "பாலாத்துல மணல் லாரிய மறிச்சேன்ல, அதுக்கு கைய வெட்டுவேன்னு சொல்லிக்கினு கீறான் சார். இத்த தீர்மானத்துல எழுது."

சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்காரும் கவுன்சிலர், லாரிக்காரர்.

"அடுத்த கூட்டத்துல எழுதிடலாம்க்கா. அதுக்கும் ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க."

"இன்னா சார், வெறும் பக்கத்துலயா?"

"என்மேல நம்பிக்கை இல்லியா?"

போட்டுவிட்டுப் போனீர்கள்.

பத்தாம் நாள் காலை, பஸ் பிடிக்க ஏரிக்கரையில் நடந்தபோது வெட்டினார்கள். சொன்னது கையை, வெட்டியது கழுத்தை.

உங்கள் ஊரே சாலை மறியலில் உட்கார்ந்தது. அவர்களை எழுப்புவதற்காகவே அவசரக் கூட்டம் போட்டார்கள். கண்டனத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் லாரிக்காரர். "மக்கள் பிரதிநிதி மேல் விழுந்த வெட்டு ஜனநாயகத்தின் மேல் விழுந்த வெட்டு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏகமனதாக நிறைவேறியது. மௌன அஞ்சலி அரை நிமிடம் கூட நிற்கவில்லை, பிரியாணி வந்துவிட்டது.

நீங்களும் மற்றவர்களும் முன்கூட்டியே கையெழுத்திட்டிருந்த அந்த வெற்றுப் பக்கத்தில்தான் தீர்மானத்தை எழுதினேன். அழகான கையெழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல். ஒன்றியத் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, செத்துப்போனதோட கையெழுத்தும் கீது?"

"முன்னாடியே வாங்கினது சார்."

"வுடு. ஏகமனதுன்னா இதான்யா." சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார். வேறு பக்கம் எழுதியிருக்கலாம். மறுபடி எல்லோரையும் பிடித்துக் கையெழுத்து வாங்க எனக்குச் சோம்பல்.

இன்ஸ்பெக்டர் வந்து, அந்தம்மா முன்பே யார்மேலாவது புகார் சொன்னதுண்டா என்று கேட்டார். "பதிவுல எதுவும் இல்ல சார்" என்றேன். பக்கத்திலிருந்த லாரிக்காரர் என் பக்கம் ஒரு டீயை நகர்த்தினார். குடித்தேன்.

காரியம் முடிந்து உங்கள் வீட்டுக்காரர் தீர்மான நகல் கேட்டு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நீங்கள் வீட்டில் எழுதிப் பழகிய கையெழுத்தை எங்கே கண்டாலும் தெரியும். புத்தகத்தை விரித்ததும் விரலை அதன்மேல் வைத்தார்.

"இது அது போட்டதுதான சார்?"

"ஆமாம்."

"அப்போ அது சொன்னத எழுதிட்டியா! சார் எழுதறேன்னு சொல்லிக்கீறாருன்னு வூட்ல வந்து சொல்லிச்சு. நீ ஒருத்தனாவது எழுதினியே சார்." இரண்டு கையையும் தூக்கி என்னைக் கும்பிட்டார்.

நகல் எடுத்து, முத்திரை குத்திக் கொடுத்தேன். மடிக்காமல் பிடித்துக்கொண்டு போனார்.

அந்தக் கும்பிடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது அக்கா. அந்தக் காகிதத்தை யாரும் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது என்று இந்த வயதிலும் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.