கேரியர் இல்லாத சைக்கிள்

என் அருமை வீட்டுக்காரிக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி குறைந்ததா? அத்தைக்கு இருமல் நின்றதா?

வேலை பிடித்துப்போய்விட்டது. சுற்றுலா வந்த பன்னிரண்டு பேரைக் கடலோரமாக சைக்கிளில் அழைத்துப் போகிறேன், பஞ்சரானால் ஒட்டுகிறேன். காட்சிக்குக் குறைவில்லை, மேட்டில்தான் நாக்குத் தள்ளுகிறது.

முதல் நாள் கிளம்பும்போது, உன்னை ஏற்றிக்கொண்ட நினைப்பில் பின்னால் திரும்பி, "உக்காந்துட்டியா?" என்று கேட்டுத் தொலைத்தேன். இந்த சைக்கிளில் கேரியரே கிடையாது. பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற டீச்சரம்மா, "அது என்ன, மந்திரமா?" என்றார்.

"ஆமாங்க, நல்லபடியா போய்ச் சேர எங்க ஊர்ல சொல்லுவோம்" என்று அளந்துவிட்டேன். அன்றிலிருந்து பன்னிரண்டு பேரும் காலையில் ஒரே குரலில் "உக்காந்துட்டியா?" என்று கத்திவிட்டுத்தான் மிதிக்கிறார்கள். ஒருத்தரும் இதுவரை விழவில்லை.

நம் சைக்கிளுக்கு அவ்வப்போது காற்றடித்து வை. கேரியர் நட்டு லூசாக இருந்தது, இறுக்கச் சொல். நீ "ம், போலாம்" என்று சொன்னால்தான் எனக்குப் பெடலில் கால் பதியும், தெரியுமல்லவா?

எல்லாரும் ஹெல்மெட் மாட்டிவிட்டார்கள், முடிக்கிறேன். இப்போது கேட்பார்கள். நீ இதைப் படிக்கும்போதாவது ஒரு தரம் பதில் சொல்லிவிடு.

உன் வீட்டுக்காரன்