எக்ஸ்ரே அறைக்கு அடுத்த மேசை

பாய்,

இன்று காலை ஒரு மேசை போனின் பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியது. வைஃபையில் ஓடுகிற போன். பாஸ்வேர்டு கேட்டது. எண் பொத்தானிலேயே எழுத்தையும் அடிக்க வேண்டும். எஸ் என்ற எழுத்துக்கு ஏழாம் எண்ணை நான்கு தடவை அழுத்த வேண்டும். "நீ போடு நைனா, எனக்கு பொறுமை பத்தாது" என்று என் பக்கம் தள்ளிவிடுவீர்களே, அந்த வேலை.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்று நான் நின்றிருந்தது திருத்தணியில் அதே ஆஸ்பத்திரி. உங்களை உள்ளே வரக்கூடாது என்று சொன்ன அதே டாக்டர்.

முதல் தடவை நாம் இருவரும் அங்கே போன் மாட்டப் போனபோது சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார். ஒயர் இழுக்கக் கூடாது, எல்லா போனையும் வைஃபையில் கோர்த்துவிடுங்கள் என்றார். "செவுத்துல ஒரு ஓட்டை போட வுடமாட்றாரு. நோயாளிய மட்டும் குத்து குத்துன்னு குத்துறாரு" என்று என் காதைக் கடித்தீர்கள்.

போனின் திரை காட்டும் சிக்னலை நீங்கள் நம்பியதே இல்லை. கோடெல்லாம் நிறைந்திருக்கும், பேச்சு மட்டும் விட்டுவிட்டு வரும் என்பீர்கள். அதனால் வரவேற்பு மேசையிலிருந்து கூப்பிட்டு, தினமும் அரக்கோணத்திலிருந்து ரயிலில் திரிந்த பழக்கத்தில் எட்டு ஸ்டேஷன் பெயர்களைக் கலைத்துச் சொல்வீர்கள். கடம்பத்தூர், மோசூர், மணவூர், திருவாலங்காடு என்று முன்னும் பின்னுமாக வரும். நான் ஒவ்வொரு மேசையிலும் கேட்டு, எது விழுந்தது என்று சொல்ல வேண்டும். ஒன்று இரண்டு என்று எண்ணினால் ஆகாதா என்றேன். "வரிசையா சொன்னா, நடுவுல ஒண்ணு வுட்டுப்போனாலும் காதே போட்டுக்கும்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. யோசித்தால் சரிதான்.

கடைசி மேசை அவசரப் பிரிவு நர்ஸுடையது, எக்ஸ்ரே அறைக்கு அடுத்தது. அந்த அறைச் சுவரில் ஈயத் தகடு பதித்திருந்தார்கள். வைஃபை அதைத் தாண்டி வர முக்கும். அங்கேதான் நான் காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும். எனக்கோ ஒரு கையில் ரிசீவர், மறு கையில் செல்லில் கிரிக்கெட், கடைசி இரண்டு ஓவர்.

"எல்லாம் வந்துச்சா?"

"ஆங், எட்டும் வந்துச்சு பாய்."

நீங்கள் "சரி, சாமான எடுத்துகினு வா" என்றீர்கள்.

மூன்றாம் நாள் பள்ளிப்பட்டுப் பக்கம் கழனியில் ஒரு அம்மாவைப் பாம்பு கடித்தது. விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று அவர் கணவர் போனில் கேட்டிருக்கிறார். அதுவே துண்டு துண்டாகத்தான் நர்ஸ் காதில் விழுந்திருக்கிறது. "இருக்குதுங்க, உடனே வாங்க" என்று நர்ஸ் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். கணவருக்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. இங்கே இல்லை போலிருக்கிறது என்று இன்னும் தூரத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பிவிட்டார். அந்த அம்மா மயிரிழையில் பிழைத்தார்.

அந்த மேசையைச் சரிபார்த்தது யார் என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் "நான்தாங்க. என் தப்புதாங்க" என்று முந்திக்கொண்டீர்கள். திறப்பதற்குள் என்று எழுதுகிறேனே, அதுவும் பொய். திறக்க வேண்டிய நேரம் இருந்தது. "இனிமே இவர் உள்ள வரக்கூடாது, நீங்க மட்டும் வாங்க" என்று டாக்டர் என்னிடம் சொன்னபோது தலையை ஆட்டினேன்.

எதிர் டீக்கடையில் ஏன் பாய் என்று கேட்டேன்.

"அன்னிக்கு நான் ஏழுதான் சொன்னேன் நைனா. மணவூர மறந்துட்டேன். நீ எட்டும் வந்துச்சுன்ன. நீ கேக்கவே இல்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. திரும்பக் கேட்டா உன்ன சந்தேகப்பட்ட மாதிரி ஆவுமேன்னு வுட்டுட்டேன். தெரிஞ்சே வுட்டவன் நானு. அப்போ தப்பு யாரோடது?"

என்னோடது என்று அலறியிருக்க வேண்டும். "டீ ஆறுது பாய்" என்றேன்.

மறுநாள் அந்த மேசைக்குச் சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுத்தேன். இந்தத் தடவை டாக்டர் தடுக்கவில்லை. அதன்பின் அங்கே வேலை வந்தபோதெல்லாம் நீங்கள் டீக்கடையோடு நின்றுவிட்டீர்கள். ஒருநாளும் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

இன்று வேலை முடிந்ததும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கிரிக்கெட் உட்பட. திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"இத்தனை வருஷமா அந்த மனுஷனைத் தப்பா நினைச்சிட்டிருந்தேனே. நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க. நான் மன்னிப்புக் கேக்கணும்."

நீங்கள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது பாய். அதையும் சொன்னேன். "நான் மன்னிப்புக் கேட்டேன்னு அவங்க வீட்லயாவது சொல்லிடுங்க" என்றார்.

அந்த மன்னிப்பை நான்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் அதைக் கொடுக்க வேண்டுமானால், தப்பு யாருடையது என்று முதலில் சொல்லியாக வேண்டும். நீங்கள் போன பிறகும் நோன்புக்கு நோன்பு எனக்குக் கஞ்சி அனுப்புகிற அக்காவிடம், உங்கள் மனைவியிடம், அவர் முகத்தைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை அரக்கோணம் போகிறேன் பாய்.