வேலியடிப் பாளை

வட்டுக்கோட்டை
14.2.1969

அண்ணைக்கு,

நலம் கேட்டு எழுதும் கடிதம் அல்ல இது.

எங்களுக்கிடையில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலிதான். இருந்தும் முத்திரை ஒட்டுகிறேன். வேலியில் நாங்கள் நுழைந்து போய்வந்த பொட்டை நீங்கள் அடைத்த பிறகு அம்மாவே றோட்டால் சுற்றித்தான் உங்களைப் பார்க்க வருகிறா.

நேற்றுப் படிப்பித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தால் வந்தேன். வேலியடி வெறுமை. உங்கள் கூலியாள் சீவரத்தினம் என் பக்கத்து ஆடுதின்னாப்பாளையை மண்வெட்டியால் வேரோடு செருக்கி எரித்துவிட்டான். அதில் என் புழுக்கள் இருந்தன. முட்டையிலிருந்து நான் பார்த்து வந்தவை. ஆடு தின்னாதது உங்களுக்குக் களை. அவற்றுக்கு அது ஒன்றுதான் சோறு.

புழுக்கள் எங்கே?

மகாதேவி

16.2.1969

தங்கைச்சிக்கு,

"தங்கச்சி லண்டனிலையோ?" என்று தபால்காரன் கேட்கிறான். எனக்கு வெட்கம்.

இந்த வருடம் வேலியடைக்கும் முறை என்னுடையது. அடியைத் துப்புரவாக்காமல் யார் அடைப்பான்? உன் புழுக்களை நான் கொல்லவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஊறுகாய்க்குக் காய் தரும் என் தேசிமரத்துக் கொழுந்தில் விட்டேன். அந்த மரத்தை மொட்டையடிக்கிற புழுக்களும் வண்ணத்திப்பூச்சியாகத்தானே போகின்றன? நல்ல இலை. பல்கலைக்கழகம் படித்தும் உனக்கு நன்றி இல்லை.

செல்வநாயகம்

18.2.1969

அண்ணைக்கு,

தேசியில் வளர்வது வேறு இனம். என்னுடையவை அந்த இலையை வாயில் வைக்காது. உங்கள் கடிதம் வந்து சேர்வதற்குள் பட்டினியில் செத்திருக்கும். வேலிக்கு மேலால் ஒரு குரல் கொடுத்திருந்தால், எங்காவது பாளை பிடுங்கிக்கொண்டு ஓடி வந்திருப்பேன்.

நல்ல இலை! எனக்குப் பேசிய கொழும்பு மாப்பிள்ளையையும் நல்ல இடம் என்றுதான் சொன்னீர்கள். வேண்டாம் என்றேன். பொட்டை அடைத்தீர்கள். புழுவிடம் கேட்க முடியாது, சரி. எனக்கு வாய் இருந்ததே.

இனி எழுதமாட்டேன்.

மகாதேவி

21.2.1969

தங்கைச்சிக்கு,

தேசியடியில் செத்துக் கிடந்தன. பார்த்தேன்.

நீ மட்டும் குரல் கொடுத்தாயா? நீயும் முத்திரைதானே ஒட்டினாய்?

ஒன்று மட்டும் பழைய பொட்டடியில் நிற்கும் கதியால் மரத்தில் ஏறிக் கூடாகித் தொங்குகிறது. கிடுகு கட்டினால் நசுங்கும். அந்த இடத்தை அடைக்காமல் விடச் சொன்னேன்.

"பொட்டு விட்டா நாயெல்லோ வரும், ஐயா?" என்றான் சீவரத்தினம்.

"வரட்டும். உவளும் வருவாள்."

கொழும்புக்காரருக்கு இல்லை என்று எழுதிவிட்டேன். நீ சொன்னதற்காக அல்ல. ஓம், அதற்காகத்தான்.

இனி முத்திரை ஒட்டாதை. வந்து ஏசு.

அண்ணை