ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நான் வரலை

என் செல்லக் குட்டிக்கு,

அம்மா எழுதறேன். இங்க அப்பா, தம்பி, நான் எல்லாரும் நல்லா இருக்கோம், நீயும் நல்லா இருப்பேன்னு எழுதற இடத்துலதான் பேனா நின்னுபோச்சு. நேத்து உங்க வாலிபால் டீம் கேப்டனா இருக்கற பொண்ணு கூப்பிட்டா. போன வாரம் கடைசி சர்வீஸை நீ வலையில அடிச்சது நீ சொன்ன மாதிரி கை வலியால இல்லையாம், பயத்துலயாம், ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் பாத்ரூம்ல போய் வாந்தி எடுக்கறியாம். எப்போ ஆரம்பிக்குதுன்னு கேட்டேன், சொல்லத் தயங்கினா, நான் விடலை, உங்க போன் வந்தப்புறம்தான் ஆன்ட்டின்னுட்டா. எனக்குச் சுருக்குன்னுது. பெத்தவளைச் சொல்ல இவ யாருன்னு அவ மேலதான் முதல்ல கோவம் வந்துச்சு. நான் என்னடி சொல்லிட்டேன், எங்க லேப்ல எல்லாரும் டிவி முன்னாடி இருக்கோம், டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்க வந்தவங்ககிட்டக்கூட எம் பொண்ணுன்னு சொல்லிட்டேன், மானத்தை வாங்கிடாதேன்னு சிரிச்சுக்கிட்டேதானே சொல்வேன்.

இன்னைக்குக் காலைல ஒரு சின்னக் குழந்தைக்கு ரத்தம் எடுக்கணும். அதோட அப்பா என் தோளுக்கு மேல தலையை நீட்டிக்கிட்டு பாத்து எடுங்க பாத்து எடுங்கங்கறார். இருபது வருஷமா ஊசி பிடிக்கற கைக்கு நரம்பு கிடைக்கலை. வழக்கம்போல அவரை வெளியே அனுப்பினேன், உடனே கிடைச்சுது. குழாயில லேபிள் ஒட்டறப்பதான் உறைச்சுது, இத்தனை நாளா உன் தோளுக்கு மேல நின்னது நான்தான்னு. ஊருக்குத்தான் உபதேசம். என்னை மன்னிச்சிடுடி.

ஞாயிற்றுக்கிழமை ஜெயிச்சாதான் அடுத்த சுற்றுன்னு தெரியும், சொல்லாம வந்து முதல் வரிசையில உக்காரலாம்னு பஸ் டிக்கெட் எடுத்து வச்சிருந்தேன், கேன்சல் பண்ணிட்டேன். அப்பா அழுதியான்னார், வெங்காயம் நறுக்கினேன்னேன், வீட்டுல வெங்காயமே இல்லையேன்னார். நீ வெறும் வயித்தோட ஆடாதே, டீம் டாக்டர்கிட்ட ஒண்ணையும் மறைக்காதே, ஐயோ பாரு, திரும்பவும் ஆரம்பிச்சுட்டேன். ஆட முடியலைன்னா விட்டுட்டு வீட்டுக்கு வா, கதவைத் திறக்கறப்ப ஒரு கேள்வி கேக்க மாட்டேன்.

நூறு வயசு நோய்நொடி இல்லாம இரு. இது வெள்ளிக்கிழமைக்குள்ள கைக்கு வந்துடும்னு கூரியர்காரர் சொல்லியிருக்கார். ஞாயிற்றுக்கிழமை காலையிலயே உன் போனை அணைச்சு வச்சிடு. கூப்பிட மாட்டேன்னு சத்தியம் பண்ணத்தான் உக்காந்தேன், ஆனா என்னை எனக்கே தெரியும், நம்பாதே.

உன்
அம்மா