உன் குரல் கேட்ட கேள்வி

அன்பு மாப்பிள்ளை மாசிலாமணிக்கு,

போன வாரம் ஒரு மத்தியானம் நீ நம் தெருவுக்கு வந்தாய். உன்னைப் புதைத்து ஓராண்டு ஆகிறது.

பேசத் தொடங்கும் முன் மைக்கை நகத்தால் இரண்டு முறை தட்டுவாயே, அந்தத் தட்டல்தான் முதலில் கேட்டது. பிறகு அந்தச் சின்ன இருமல். உன் நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி, குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோவை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஆளைக் காணாமல் திரும்பியது.

"தோழர்களே, நம் தலைவர் தொடரவேண்டும். சரிதானே?" என்றாய். இரண்டு மூச்சு அமைதி. அப்புறம், "கலா, கொஞ்சம் தண்ணி குடு."

என் தங்கை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுச் சொம்போடு வாசலுக்குப் போனாள். ஆட்டோ நிற்கவில்லை. "இன்னாண்ணா இது, தண்ணி கேட்டுட்டுப் போய்க்கினே இருக்காரு" என்றாள்.

உனக்கு நினைவிருக்கும். கொரோனா காலத்தில் உங்கள் கம்பி ஆலையின் சங்கத் தேர்தலை நடத்த முடியவில்லை. தலைவர் ஓராண்டு மட்டும் தொடரட்டும் என்று கேட்டு, வீட்டிலேயே உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து கொடுத்தாய். அந்த ஓராண்டு இன்னும் முடிந்தபாடில்லை. இப்போது தேர்தலே இல்லாமல் இன்னும் மூன்றாண்டு வேண்டும் என்கிறார். கேட் முன்னால் தினமும் கோஷம். தேர்தல் கேட்டவர்களின் சட்டையைத் தலைவரின் ஆட்கள் கிழித்தார்கள். மறுநாள் காலை சங்கக் கொடிக்கம்பம் சாய்ந்து கிடந்தது.

உன் பேச்சில் 'ஓராண்டு மட்டும்' என்பதை வெட்டிவிட்டார்கள். நீ தண்ணீர் கேட்டதை வெட்ட மறந்துவிட்டார்கள்.

உன் வேலை இப்போது கலாவுக்கு. பேக்கிங்கில் அவளோடு நிற்கிற ஒருத்தி, "உன் ஊட்டுக்காரரு செத்தும் தலைவருக்கு சொம்பு தூக்குறாரே" என்றாளாம். கலா அன்று சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. செய்தியாளன் என்பதால் எனக்குப் பின்வரிசையில் இடம். தலைவர் அதிகம் பேசவில்லை. "மாசி சொன்னா நீங்க தட்டமாட்டீங்க" என்று சொல்லி, உன் குரலைப் போடச் சொன்னார்.

தட்டல். இருமல். "சரிதானே?"

நீ அப்படிக் கேட்டால் "சரிதான்!" என்று கத்துவது அவர்களுக்கு எத்தனை வருடப் பழக்கம்! சட்டை கிழிபட்டவர்களும் கத்தினார்கள். கத்திய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் வாயும் திறந்திருந்தது.

"தீர்மானம் பாஸ்" என்றார் தலைவர்.

அப்போதுதான் ஸ்பீக்கர், "கலா, கொஞ்சம் தண்ணி குடு" என்றது. யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

கலா எழுந்தாள். பையிலிருந்த பாட்டிலைத் திறந்து ஸ்பீக்கர் பெட்டி முன்னால் வைத்தாள்.

"தலைவரே, அவரு ஒரு வருசம்தான் கேட்டாரு. அத்த வெட்டிட்டீங்க. அவருக்குத் தண்ணி வச்சிட்டேன். ஓட்டுப் போட அவரால வர முடியாது, நாங்க வந்துகிறோம். இன்னொரு தபா கேளுங்க."

"இன்னாம்மா, பேஜாரு பண்றியா?" என்றார் தலைவர். கூட்டம் முனகியது. "போடுய்யா, இன்னொரு வாட்டி போடு" என்று கையை ஆட்டினார்.

"சரிதானே?" என்று கேட்டாய்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். அத்தனை பேர் உன் கேள்வியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீ கண்டிருக்கவேண்டும். மேடையிலிருந்து தலைவர் மட்டும் மெதுவாக, "சரிதான்" என்றார். அந்த ஒற்றைக் குரலைக் கேட்டு அவரே திரும்பிப் பார்த்தார்.

தீர்மானம் விழுந்தது. தேர்தல் வைக்கிறேன் என்று எழுந்து போயிருக்கிறார். வைப்பாரா?

இன்னொன்று. கூட்டம் கலைந்ததும் பாட்டிலை எடுக்கப் போனோம். பாதி தண்ணீர் குறைந்திருந்தது. யாராவது குடித்திருப்பார்கள். நான் விசாரிக்கவில்லை. இத்தனை வருடத் தொழிலில் விசாரிக்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.

உன் பேச்சுப் பதிவை மைக் செட்டுக்காரரிடமிருந்து கலா வாங்கிவிட்டாள். தேர்தல் அறிவிப்பை அவளே பேசப்போகிறாள். நான் ஆட்டோவில் கூடவே போவேன். இனி உன் குரலை யாரும் தெருவில் இழுத்துக்கொண்டு போக விடமாட்டேன், மாப்பிள்ளை. உனக்குத் தாகம் எடுத்தால் வீட்டுக்கு வா.

உன் கலாவின் அண்ணன்,
உன் மச்சான்