இன்னொரு காது

சிங்கப்பூர், 1988, ஞாயிறு இரவு.

பேஜர் இருந்தவரை நிம்மதி. அது கத்தினாலும், "பப்ளிக் போன்ல ஒரே கியூ" என்று அரைமணி நேரம் இழுத்துவிடலாம். இப்போது கம்பெனி செங்கல் கனத்தில் ஹேண்ட்போனைக் கொடுத்துவிட்டது.

இன்று தோ பாயோ கோயிலில் தங்கை ராணியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமனான என் மடியில்தான் குழந்தை உட்கார்ந்திருந்தாள். ஒரு காது குத்தி முடிந்ததும் போன் அடித்தது. எல்லோரும் குழந்தையை விட்டுவிட்டுப் போனை வேடிக்கை பார்த்தார்கள். ஏதோ அடுக்குமாடி பிளாக்கில் லிப்ட் நின்றுவிட்டதாம். உடனே போய்ச் சரிசெய்யச் சொன்னார் முதலாளி. எழுந்தேன்.

"அண்ணே, இன்னொரு காது இருக்குலா," என்றாள் ராணி.

போய்ப் பார்த்தால் லிப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

மறு காதை யார் மடியில் வைத்துக் குத்தினார்கள் என்று கேட்க, அதே போனில் ராணி வீட்டுக்கு அடித்தேன். மூன்று தடவை அடித்தும் அவள் எடுக்கவில்லை.