பத்து மணிக்குப் போடும் பச்சை

மார்ச் 3, திங்கள்

காலை பத்து மணி. வழக்கம்போல ஆறு இடத்துக் காவலாளிகளுக்கும் போன். "லைட்டு எரியுதா?" "எரியுது சார்." நகராட்சிச் செயலியில் ஆறு மின்சாரக் கார் சார்ஜருக்கும் பச்சை போட்டேன். பச்சை என்றால் ஓடுகிறது என்று அர்த்தம். நாலு மாதமாக இதுதான் என் உத்தியோகம்.

மதியம் முதல்முறையாக நேரில் போய்ப் பார்த்தேன். அக்காவால்தான். மின்சாரக் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டப்போகிறாள். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, வீட்டில் சார்ஜ் போட வழியில்லை. "ஊருக்குள்ள இடம் இருக்குல்லடா?" என்றாள். "ஆறு இருக்குக்கா" என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டேன்.

பார்த்தால்? பேருந்து நிலையத்தில் வயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நூலகத்தில் லைட்டு ஜம்மென்று எரிகிறது. செருகிப் பார்த்தும் சார்ஜ் ஏறாததால் ஒருவர் மெஷினை உதைத்துக்கொண்டிருந்தார். சந்தையில் ஓடாத மெஷின்மேல் ஈரத் துண்டு காய்கிறது, அடியில் மூத்திர நாற்றம். பூங்காவில் பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்துகிறது. தேறுவது இரண்டு: மைதானம், ரயிலடி. சீ!

மார்ச் 4

அதிகாரியிடம் சொன்னேன். பல் குத்திக்கொண்டே கேட்டார். "மேல ஆறும் ஓடுதுன்னு எழுதிக் கொடுத்தாச்சுப்பா. இப்ப ரெண்டுதான்னா என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க. லைட்டு எரியுதுல்ல? அப்புறம் என்ன?" குச்சியை என் மேசையிலேயே போட்டுவிட்டுப் போனார்.

ஆறும் பச்சை. போட்டது நான்தான்.

மார்ச் 12

கார் வந்த கையோடு அக்காவுக்கு நிலையான சவாரி கிடைத்துவிட்டது. ஓய்வுபெற்ற ஓவிய டீச்சரம்மா. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் பக்கத்து நகரத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். "இனிமே எவன் கையையும் எதிர்பார்த்து நிக்க வேணாம்டா." மாமா விட்டுப்போன பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மைதானம், இல்லன்னா ரயிலடில போடு" என்றேன்.

"மத்ததெல்லாம்?"

"கூட்டமா இருக்கும்க்கா."

சொல்லும்போது நாக்குக் கூசவே இல்லை. அதுதான் கேவலம்.

மார்ச் 19

போச்சு. எல்லாம் போச்சு.

மைதானத்திலும் ரயிலடியிலும் வரிசை. டீச்சரம்மாவைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு, அக்கா போனில் பச்சையைப் பார்த்து நூலகத்துக்கு ஓட்டியிருக்கிறாள். ஏறவில்லை. அடுத்த பச்சை பேருந்து நிலையம் — போகிற வழியிலேயே வண்டி நின்றுவிட்டது. அந்தம்மாவுக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப்போனது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். மகன் இனி வரவேண்டாம் என்றுவிட்டார்.

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "பச்சைன்னுதான்டா காட்டுச்சு. அதைப் போட்டவன் வீட்டு ஆளு இப்படி நடுரோட்டுல நின்னாத்தான் அவனுக்குப் புத்தி வரும்."

நின்னாச்சுக்கா. நின்னாச்சு. மனசுக்குள்தான் சொன்னேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். த்தூ, நானெல்லாம் ஒரு தம்பி!

மார்ச் 20

நாலு சிவப்பு போட்டேன். பத்தேகாலுக்கு அதிகாரி கூப்பிட்டுக் கத்தினார். பத்தரைக்கு மறுபடி ஆறும் பச்சை, வேறொருவன் கையால். மதியமே எனக்குப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றல்.

சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 27

இன்றும் என் தட்டை மூடி வைத்துவிட்டு அக்கா அறைக்குள் போய்விட்டாள்.

ஏப்ரல் 4

டீச்சரம்மா மகனோடு சண்டை போட்டு அக்காவையே திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். நேற்று அவள் போனில் பேசியது காதில் விழுந்தது. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு வந்தேன்.

பதினைந்து நாளில் முதல்முறையாக என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் சாவி. என் முகத்தைப் பார்க்கவில்லை. "எது ஓடுது?"

"ரயிலடி. இப்பத்தான் ஒரு வண்டிக்கு ஏறிட்டிருந்துச்சு. கண்ணால பார்த்துட்டு வந்தேன்க்கா."

தலையை ஆட்டினாள். படியிறங்கும்போதே வேறொரு டிரைவருக்குப் போன் போட்டு, ரயிலடி ஓடுகிறதா என்று கேட்டாள்.